முப்பத்து மூன்றாவது கம்பம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை டாக்டருக்குப் பயந்து பிறந்தது. எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்றால், பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை எறும்புகள் வரிசையில் நின்று எனக்கு வணக்கம் வைக்கின்றன. "தினம் அரை மணி நேரம் நடங்க சார்" என்றார். ரிட்டயர் ஆனவனுக்கு உட்காருவது பிறப்புரிமை இல்லையா? ஆகவே நான் உட்கார்ந்துகொண்டு, எனக்குப் பதிலாக உண்ணாமலை என்றொருத்தியைக் கதையில் நடக்க விட்டேன்.

2

வாலிகண்டபுரத்து விடியலில், மக்காச்சோளத் தோகைகளில் பனித்துளிகள் முத்துமுத்தாய்—

(வேண்டாம். உண்ணாமலைக்கு ஐம்பத்தெட்டு வயது. பனித்துளி பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததே இல்லை.)

மறுபடி. வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்கும் மஞ்சு, கருவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"முந்நூத்திப் பத்து. காலு வேற மரத்துப்போகுதுங்கிறீங்க. மாத்திர மட்டும் பத்தாதும்மா, நடக்கணும்."

"இத்தன வருசமும் சோளக்காட்டுக்கு நடந்துதானடி போனேன்?"

"இப்பப் போறீங்களா?"

"எங்க, முட்டி வுட்டாத்தான?"

"அப்ப மெதுவா, ரோட்டுல கரண்டுக் கம்பத்த எண்ணிக்கிட்டே போங்க. இருபது கம்பம் போயி, திரும்பிருங்க."

3

சிக்கல் காலில் இல்லை, ஊர் வாயில். எங்கள் பக்கம் எதிரில் வருகிறவரை "எங்க?" என்று கேட்டே ஆக வேண்டும், கேட்காவிட்டால்தான் கோபம். "சும்மா" என்றால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். அதனால் உண்ணாமலை ஒரு வெறும் மஞ்சப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "கடைக்கு" என்பாள். முதல் நாள் நாலாயிரம் பேர் கேட்டார்கள்.*

* நாலு பேர்.

4

இனி மறைக்க முடியாது. அந்த ரோட்டில் முப்பத்து மூன்றாவது கம்பத்துக்கு எதிரே பூங்குழலியின் வீடு. உண்ணாமலையின் ஒரே மகள். முத்துவேல் என்பவனை அவளாகத் தேடிக் கட்டிக்கொண்ட அன்று, "எம் மூஞ்சில முழிக்காத" என்றவள் உண்ணாமலையேதான். ஆறு வருடமாகப் பேச்சு இல்லை.

(கல்நெஞ்சக்காரி என்று எழுதத்தான் இருந்தேன். இருபதாம் கம்பத்தில் திரும்ப வேண்டியவள், திரும்பாமல் அந்தத் திசையையே பார்த்து நின்றுவிட்டாள். என் பேனா சொல்லியும் கேட்கவில்லை.)

அடுத்த வாரம் இருபத்தொன்று. பிறகு இருபத்தைந்து. அங்கிருந்து பார்த்தால் கொடியில் காயும் துணி தெரிந்தது. நடுவில் ஒரு சின்னச் சட்டை. அது எத்தனை வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே திரும்பி நடந்தாள்.

மூன்றாம் மாதம் மஞ்சு கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "நூத்தி எழுபது! என்னம்மா பண்ணுனீங்க?"

"அஞ்சாறு கம்பம் கூட்டிக்கிட்டேன்."

5

முப்பதாம் கம்பத்தில், ஊர்ச் சேதியெல்லாம் சுமக்கும் அரியமுத்து பின்னால் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.

"எங்க பெரியம்மா? தெனம் கடைக்குங்கிறீங்க, பை வெறும் பையாவே திரும்புது. இந்தப் பக்கம் கடையே கெடையாதே?"

பொய் ஒன்றைத் தேடினாள். அகப்படவில்லை.

"மவ வூட்டுக்கு."

வாய் தவறிவிட்டது. அரியமுத்து வண்டியை உதைத்துக் கிளப்பினான். (அடுத்த கேள்வி கேட்காமல் அவன் கிளம்பியது அந்த ஊர் சரித்திரத்திலேயே முதல் முறை.) முறுக்கிக்கொண்டு பூங்குழலி வீட்டுப் பக்கம் பறந்தான். சேதியை முந்திச் சொல்லாவிட்டால் அவனுக்குத் தலை வெடித்துவிடும்.

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. திரும்பிவிடலாம்தான். கால் மரத்துவிட்டது என்று சாக்குச் சொல்லலாம். பாழாய்ப்போன கால், இப்போது ஒவ்வொரு கல்லையும் உணர்கிறது.

6

முடிவு ஒன்று: கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (எழுதினேன். கிழித்தேன்.)

முடிவு இரண்டு: கதவு பூட்டி— (இதை எழுத மனசு வரவில்லை.)

முப்பத்து மூன்று. பூங்குழலி வாசலில் நிற்கிறாள். இடுப்பில் அந்தச் சின்னச் சட்டை, அதற்குள் ஒரு பிள்ளை. ஊர் கேட்டதையே அவளும் கேட்கிறாள்.

"எங்கம்மா?"

உண்ணாமலை வெறும் பையை இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கிறாள்—

பதிலை நீங்கள் சொல்லுங்கள். நான் செருப்பைத் தேட வேண்டும். அரியலூர் ரோட்டில் எனக்கும் ஒரு கம்பம் உண்டு, அதற்கு எதிரே ஒரு வீடும். எதிரில் யாராவது "எங்க சார்?" என்று கேட்டால், என் கையில் ஒரு பைகூட இல்லை.