எட்டு மார்க் போட்டவள்

பதினோரு வருடம் காத்திருந்து வந்த ஆல்பம் அது. அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகி, தலையில் பாதி முடி கொட்டி, லிஃப்ட் மெக்கானிக்குக்கு எடுபிடியாக இருந்தவன் மெக்கானிக்காகவே ஆகிவிட்டேன். எங்கள் அபிமான ராக் பேண்ட் மட்டும் மேடையில் பழைய பாட்டுகளையே பாடிக்கொண்டு, புதிதாக ஒரு பாட்டுகூட வெளியிடாமல் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது. பேண்டின் ரசிகர் பக்கத்தில் பதினேழாயிரம் பேர் இருந்தோம். அதை நடத்துகிற மூன்று பேரில் நானும் ஒருவன். என் வாய்க்கு அங்கே தனி மரியாதை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் அது மட்டும்தான் கெடுகிறது. நான் என் வாயால் என் மனைவியிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நல்ல ஆல்பம் எது வந்தாலும் யாரும் தனியாகக் கேட்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு முன்னறையில் கூடி, முதல் பாட்டிலிருந்து கடைசிவரை வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுதி, பெயர் போடாமல் மடித்து, என் ஹெல்மெட்டுக்குள் போட வேண்டும். ஒருவர் அபிப்பிராயம் இன்னொருவரைச் சாய்த்துவிடக் கூடாது என்பதற்காக இந்தச் சட்டம். சட்டம் போட்டவன் நான்தான்.

அன்று வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன், மொட்டை என்றுதான் கூப்பிடுவோம். இன்னொருவர் கணக்கு வாத்தியார், வயதில் மூத்தவர், ஆனால் பேண்ட் என்று வந்துவிட்டால் ஆறாம் வகுப்புப் பையன். என் மனைவி வழக்கம்போல டீ போட்டுக் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். ஒன்பது வருடமாக அவளை எத்தனையோ கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வருவாள், சிரித்த முகமாக நிற்பாள், திரும்பும்போது "உங்க பேண்ட் இன்னிக்கு ரொம்ப சத்தம்" என்பாள். எப்போதும் "உங்க பேண்ட்"தான்.

ஆல்பம் ஓடியது. கிதார் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. டிரம்ஸ் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பாதிக்கு மேல் பியானோ. பாடகருக்கு வயதாகிவிட்டது. ஐந்தாவது பாட்டில் ஒரே வரியை ஏழு தடவை பாடுகிறார், நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. மொட்டை கூரையைப் பார்த்தான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துணி மடிக்கிற சத்தம் அந்தப் பாட்டில் நின்றுபோனதை நான் கவனித்தேன்.

முடிந்ததும் சீட்டு கிழித்தேன். மூன்று சீட்டு. அப்போது அவள், "எனக்கும் ஒண்ணு குடுங்க" என்றாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஹெல்மெட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். நாலு. மூணு. ரெண்டு, அது என்னுடையது. கடைசிச் சீட்டில் எட்டு. ஒரு வட்டத்தின் தலைமேல் இன்னொரு வட்டத்தை வைத்த எட்டு. மாத்திரைக் கவர்களில் மணி எழுதி எழுதி அவள் கைக்குப் படிந்துவிட்ட எட்டு அது. நான் ஒரு பார்வையில் கண்டுகொண்டேன். தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க இப்போதும் ஆசைதான். ஆனால் தெரிந்துதான் பேசினேன்.

"யாருப்பா இந்த வள்ளல்?" என்றேன். "எட்டாம்! எண்பதுக்கு எட்டா?"

மொட்டை தொடையைத் தட்டிச் சிரித்தான். அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"நான்தான் போட்டேன்."

"சரி, காரணம் சொல்லு."

அவளுக்குப் பேசிப் பழக்கமில்லை. கொஞ்சம் திணறித்தான் சொன்னாள். "அந்த அஞ்சாவது பாட்டு... எங்க கடையில சில பேர் வருவாங்க. மருந்துச் சீட்டை நீட்டிட்டு ஒண்ணும் கேக்காம நிப்பாங்க. எவ்வளவு ஆகும், குணமாகுமான்னு எல்லாம் மனசுல இருக்கும், வாயில வராது. அவங்க குரல் மாதிரி இருந்துச்சு. தன் குரல் போயிடுச்சுன்னு இவருக்கே தெரியும்போல. அதை ஒளிக்காம பாடுறார்."

இப்போது யோசித்தால், பதினேழாயிரம் பேரில் ஒருவரும் அந்த ஆல்பத்தைப் பற்றி அவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. அன்று எனக்குக் கிடைத்தது ஒரு ஜோக் மட்டும்தான்.

"அப்ப இதை மருந்துக் கடையிலேயே விக்கலாமே! சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பாட்டு, பின்னாடி ஒரு பாட்டு!"

வாத்தியாருக்குச் சிரித்துச் சிரித்து டீ புரையேறிவிட்டது. அவளும் சிரித்தாள். எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் கோபித்துக்கொண்டதாக ஆகிவிடுமே, அதற்கான சிரிப்பு. பிறகு காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதோடு விட்டிருந்தால் வீட்டுக்குள் நடந்த ஒரு வேடிக்கையாகப் போயிருக்கும். நான் விடவில்லை. அன்று மாலையே உட்கார்ந்து விமர்சனம் எழுதினேன். "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று ஆரம்பித்து, அவள் சொன்னதை அப்படியே போட்டு, கீழே என் ஜோக்கைப் போட்டேன். காட்டுத் தீயாகப் பரவியது. ஆல்பம் பிடித்தவர்கள், பிடிக்காதவர்கள் என்று ரசிகர் பக்கம் இரண்டாகப் பிளந்தது. பிடித்தவர்களுக்கு "நோயாளிகள்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "நோயாளி அண்ணே, மாத்திரை போட்டாச்சா?" என்று ஒருவன் கேட்பான். அதற்கு நூறு பேர் சிரிப்பார்கள். அவர்கள் பதிலுக்கு எங்களை "பழைய சத்தக்காரர்கள்" என்றார்கள். பத்து வருடப் பழக்கமெல்லாம் ஒரே வாரத்தில் முறிந்தது. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்கிற கணக்கில் ஆல்பம் மட்டும் நன்றாக விற்றது. நான் தலைகால் புரியாமல் ஆடினேன்.

அவளும் அதைப் படித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். "நான் சொன்னதைப் போட்டிருக்கீங்களே, கேட்டிருக்கலாம்ல?"

"பேர் போடலையே."

"ஆமா, பேர் போடல."

அதற்குப் பிறகும் அவள் அந்த ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சமைக்கும்போது போனை ஜன்னலில் சாய்த்து வைத்து மெதுவாக ஓடவிடுவாள். ஐந்தாவது பாட்டு வந்தால் நான் எங்கிருந்தாலும் விட மாட்டேன். பல் தேய்த்துக்கொண்டே கிழவர் மாதிரி இருமி, அந்த வரியை இழுத்து இழுத்துப் பாடுவேன். ஏழு தடவையும் பாடுவேன். முதலில் சிரித்தாள். அப்புறம் "போதுங்க" என்றாள். அப்புறம் பாட்டு நின்றுவிட்டது. நின்றது எப்போது என்றுகூட நான் கவனிக்கவில்லை. சமையலறையில் செய்தி ஓட ஆரம்பித்தபோது, சரி, ஒரு வழியாக அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு பழைய அடுக்கு மாடிக் கட்டடத்தில் வேலை. மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. மின்சாரத்தை அணைத்துவிட்டு லிஃப்டின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பாகம் மாற்ற வேண்டியிருந்தது. கூட வந்தவன் அதை வாங்கக் கடைக்குப் போனான். நான் வெளியே ஏறி நின்றிருக்கலாம். சோம்பலில் அங்கேயே டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலாவது மாடியில் யாரோ தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாளி இழுபடுகிற சத்தத்தோடு அவர்கள் போனிலிருந்து எங்கள் ஆல்பமும் கேட்டது. முதல் பாட்டிலிருந்து.

அந்த இருட்டில் என் பக்கத்தில் மொட்டை இல்லை, வாத்தியார் இல்லை, பதினேழாயிரம் பேர் இல்லை. சொல்ல ஆளில்லாததால் ஜோக்கும் வரவில்லை. வேறு வழியின்றிக் கேட்டேன். அப்போதுதான் புரிந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் காதால் கேட்கவே இல்லை. இரண்டாவது பாட்டிலேயே என்ன சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்குப் பழைய கிதார் வேண்டியிருந்தது, பழைய வயது வேண்டியிருந்தது. அது கிடைக்காத எரிச்சலை மார்க்காகப் போட்டேன்.

ஐந்தாவது பாட்டு வந்தது. அந்த ஏழு தடவையும் ஒன்றுபோல் இல்லை. மூன்றாவது தடவை யாரிடமோ எதையோ கேட்க நினைக்கிறார், ஐந்தாவதில் கேட்காமல் விட்டுவிடுகிறார், கடைசியில் வெறுமனே நிற்கிறார். அவளை அழைத்துவரக் கடைக்குப் போன மாலைகளில் அப்படி நின்றவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவள் அவர்களிடம் மட்டும் குரலை இறக்கி, அவர்கள் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்வாள். எனக்கு நேரமாகிறது என்று நான் வெளியே ஹாரன் அடிப்பேன். லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்து அழுதேன் என்று சொன்னால் மொட்டை நம்ப மாட்டான். கூட வந்தவன் திரும்பி வந்து, "என்னண்ணே, கண்ணுல தூசியா?" என்றான். ஆமாம் என்றேன்.

வீடு திரும்பும்போது மனம் லேசாக இருந்தது. அவளிடம் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வரி தானாக வாயில் வந்தது. நன்றாகத்தான் பாடினேன், இருமாமல்.

உள்ளேயிருந்து அவள் சிரித்தாள். "இன்னும் அதை விடலையா நீங்க?"

"கிண்டல் இல்ல. நெஜமாத்தான் பாடுறேன்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள். அடுத்து ஜோக் வரும் என்று காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பைப் பார்த்தபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. லிஃப்டில் நடந்ததைச் சொன்னேன். அவள் சொன்னதுதான் சரி என்றேன், நான் எழுதியது தப்பு என்றேன், ரசிகர் பக்கத்திலும் எழுதப்போகிறேன் என்றேன். "அப்பவே சொன்னேனே" என்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பிடிச்சுப்போச்சா? நல்லதுதானே," என்றாள். "கேளுங்க."

"நீயும் வா, சேர்ந்து கேக்கலாம்."

"இல்லங்க. எனக்கு இப்ப அது வரல."

"வரலைன்னா?"

"நானும் பஸ்ல போறப்ப ரெண்டு மூணு தடவை போட்டுப் பார்த்தேன். அந்தப் பாட்டு வந்ததும் உங்க இருமல்தான் முன்னாடி வருது. அவர் பாடுறது கேக்க மாட்டேங்குது. அழிச்சிட்டேன்."

"என்னை மன்னிச்சிடும்மா."

"ஐயே, ஒரு பாட்டுக்குப் போய் என்ன இதெல்லாம்." என் தோளில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்தாள். அவள் குரலில் கோபமே இல்லை. வேறு ஏதோ நினைவு வந்தவள் போலத் துடைப்பதை நிறுத்தினாள்.

"போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். சீட்டைக் குடுத்துட்டு ஒண்ணும் பேசாம நின்னார். ஏதாவது சொல்லணும்னு நிமிர்ந்து பார்த்தேன். நீங்க இருமி இருமிப் பாடினது ஞாபகம் வந்து சட்டுனு சிரிச்சிட்டேன்."

"அவர் கவனிச்சிருக்க மாட்டார்."

"கவனிச்சார்," என்றாள். "சீட்டைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டார்."