திறந்து வைத்திருப்பவர் நெலிடா

"இந்தக் கோப்பை நெலிடா திறந்து வைத்திருக்கிறார். நீங்கள் வாசிக்க மட்டுமே முடியும்."

திரையில் வந்த வரியை நெலிடா மறுபடியும் படித்தாள். சால்ட்டோ நகரக் கட்டட வரைவு அலுவலகத்தில் அந்தப் பெயர் அவள் ஒருத்திக்குத்தான்.

"இவோன், இங்க வாயேன். என்னையே நான் உள்ள விடமாட்டேங்கிறேன்."

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இவோன், மாத்தே தேநீர்க் குவளையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டாவது கல்யாணம் கேள்விப்பட்டிருக்கேன்டி. ரெண்டாவது நெலிடாவா?"

நெலிடாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அது நகர நூலகப் போட்டிக்கான வரைபடம். இன்றுதான் கடைசி நாள். குளிர்காலம் முழுக்க அவள் தனியாக வரைந்தது. இதுவரை வரைந்ததெல்லாம் கணவன் மில்டன் பெயரிலும் அவன் அண்ணன் வில்மார் பெயரிலும்தான் போயிருந்தன. இந்த முறை, வரைந்தவர் பெயர் போடும் ஓரத்துக் கட்டத்தில் மில்டன் பெயருக்கு மேலே தன் பெயரைப் போட்டிருந்தாள்.

சால்ட்டோவில் இருக்கும் கணினி ஆவணக் களஞ்சியம்தான் மில்டன் வேலை பார்க்கும் பைசாந்து ஊர்க் கிளைக்கும் பொது. அங்கே உட்கார்ந்து திறந்தாலும் சொந்தக் கணினியின் கோப்புறை போலவே தெரியும். ஒருவர் திறந்து வைத்திருந்தால் மற்றவர் எழுத முடியாது. கல்யாணமான புதிதில், "மில்டன் திறந்து வைத்திருக்கிறார்" என்று வந்தாலே அவளுக்குக் குஷி. உடனே ஃபோன் போடுவாள். "இறங்குடா, நான் ஏறணும்."

இவோன் தன் மேசைக்குப் போய்ப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "பைசாந்துலேர்ந்து வந்திருக்கு. உன் பேரு, உன் பாஸ்வேர்டு. நூலகக் கோப்புறையில எழுதற உரிமை உனக்கு மட்டும்தானே குடுத்திருக்கேன். யார்கிட்டடி சொன்ன?"

ஒருநாள் மில்டன் பெயரைக் களஞ்சியம் ஏற்காமல் முரண்டு பிடித்தபோது, அவசரத்துக்குத் தன் பாஸ்வேர்டை அவனிடம் ஃபோனில் சொன்னாள். தேனிலவுக்குப் போன வெந்நீர் ஊற்று விடுதியின் பெயர். "இதை இன்னுமா ஞாபகம் வெச்சிருக்க?" என்று அன்று அவன் குரல் குழைந்தது.

நெலிடா ஃபோனை எடுத்தாள்.

"வரைபடத்துல என்ன பண்ற மில்டன்?"

"சின்னத் திருத்தம், நெலி. முடிஞ்சுது. போட்டிக்கும் அனுப்பிட்டேன்."

"என் பேருல நுழைஞ்சா?"

"அண்ணன் பேருக்கு ஒரு மதிப்பு இருக்குல்ல. புருஷன் பொண்டாட்டி பேரு சேர்ந்து இருந்தா குடும்பக் கடை மாதிரி தெரியும்னார்."

"அண்ணன் தம்பி சேர்ந்தா குடும்பம் இல்லையா?"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் கோபம். ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுல கறி சுடறப்போ பேசிக்கலாம்."

அவன் கோப்பை மூடினான். இப்போது அது அவளுக்குத் திறந்தது. அவள் பெயர் இருந்த இடத்தில் வில்மார். எழுத்தின் அளவும் இடைவெளியும் கச்சிதமாக இருந்தன. மில்டன் எப்போதும் சுத்தமாக வேலை செய்கிறவன்.

"போட்டிக்காரங்களுக்கு எழுதேன்," என்றாள் இவோன்.

"என்னன்னு எழுதறது? பதிவைப் பாரு."

கடைசியாக மாற்றியவர்: நெலிடா.

நெலிடா விடுதியின் பெயரை அழித்துவிட்டுப் புதிய பாஸ்வேர்டு போட்டாள்.

சாயங்காலம் மில்டனே கூப்பிட்டான். "நெலி, உள்ள போக முடியலையே. மாத்திட்டியா? புதுசு என்ன?"

"உன் பேருலயே வா மில்டன்," என்றாள். "வாசிக்கலாம்."