வேலிக்கு அப்பாலிருந்து வந்த ஊளை

வண்டிக் கதவை அறைந்து சாத்துகிறவளுக்குக் கயோட்டி கிடைக்காது. லவான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். டாக்னி முதல் பாடத்திலேயே தோற்றாள். பிக்கப் வண்டியிலிருந்து இறங்கியவள், பல வருஷப் பழக்கத்தில், கதவைக் குதிகாலால் உதைத்துச் சாத்தினாள். சத்தம் பனி மூடிய புல்வெளியில் ஓடி, எதிர்மேட்டில் மோதித் திரும்பி வந்தது.

"ரொம்ப நல்லது," என்றாள் லவான். "நீ வந்திருக்கிற சேதி இந்த ஜில்லா முழுக்க எல்லாக் கயோட்டிக்கும் போய்ச் சேந்தாச்சு. இனிமே அதுங்க உனக்குக் காப்பி போட்டு வெச்சிருக்கும்."

"பழக்க தோஷம், லவான்."

"காலைக் கழட்டி வண்டியிலேயே வெச்சுட்டு வா, அடுத்த தடவை."

லவான் டாக்னியின் நாத்தனார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள், ஆகவே சனிக்கிழமைகளில்தான் ஓய்வு. சின்ன வயதிலிருந்தே குளிர்காலம் வந்தால், நரியைவிடப் பெரிய ஓநாய் இனமான கயோட்டியை வேட்டையாடப் போகிறவள். டாக்னியோ பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. நாற்பத்தாறு வயது வரை எலிப்பொறியைத் தவிர வேறெதையும் அவள் எந்தப் பிராணிக்கும் வைத்ததில்லை.

அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியவை அவளுடைய ஆடுகள். டகோட்டாவின் எங்கள் மூலையில் மாடு வளர்ப்பவர்களுக்கு ஆடென்றால் கொஞ்சம் இளப்பம். டாக்னியின் கணவன் ஒரின் மாட்டுக்காரன். மாமா இறந்தபோது டாக்னிக்கு வந்து சேர்ந்த சிறிய மந்தையை அவன் பொறுத்துக்கொண்டான், அவ்வளவே. போன வசந்தத்தில் குட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. காலையில் போய்ப் பார்த்தால் புல்லில் கொஞ்சம் ரோமம் கிடக்கும், தாயாடு நின்ற இடத்திலேயே நின்று கத்திக்கொண்டிருக்கும்.

"வர்ற வசந்தத்துலயும் இப்படியே போச்சுன்னா ஆடுங்கள ஏலத்துக்கு ஏத்திடலாம், டாக்னி," என்று ஒரின் சொல்லியிருந்தான். கோபத்தில் சொல்லவில்லை. "தாயாடு கத்துறத என்னாலயும் கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

அவன் அன்போடு சொன்னதால்தான் அவளால் மறுத்துப் பேச முடியவில்லை. மறுநாள் லவானிடம் போய், "எனக்குக் கயோட்டி வேட்டை சொல்லிக்கொடு," என்று கேட்டாள். லவான் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் சரியென்றாள்.

பாடங்கள் எளிமையானவைதாம், கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். மேட்டின் உச்சியில் உட்காராதே, வானத்துக்கு எதிரே உன் தலை தெரியும். சூரியனை முதுகில் வைத்துக்கொள். காற்றை மறக்காதே. கயோட்டி கண்ணை நம்பாது, காதைக்கூட முழுதாக நம்பாது, மூக்கைத்தான் நம்பும். சத்தம் கேட்ட இடத்துக்கு நேரே வராமல், சுற்றி வளைத்து, காற்று உன் வாசனையைக் கொண்டுபோகும் பக்கமாக வந்து மோந்து பார்க்கும். காற்றின் திசை அறிய டாக்னி தன் வழியில் ஓர் உபாயம் செய்தாள். கடுகு சாஸ் வாங்கிய பிளாஸ்டிக் குப்பியைக் கழுவி, அதில் கோதுமை மாவை நிரப்பினாள். அழுத்தினால் புகைபோல மாவு பறந்து காற்றின் போக்கைக் காட்டியது.

"அட, இது நல்லாயிருக்கே," என்றாள் லவான். "கயோட்டி கிடைக்கலேன்னா அப்பம் சுட்டுக்கலாம்."

பனியில் மறைந்திருக்க வெள்ளைத் துணி வேண்டும். தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குத் தேவதூதர்களுக்கென்று தைத்த அங்கிகளில் பெரியது ஒன்று டாக்னியின் அலமாரியில் இருந்தது. அதை மேல்கோட்டின் மீது போட்டுக்கொண்டு, துப்பாக்கியுடன் சமையலறையைத் தாண்டினாள். ஒரின் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"மேய்ப்பர்களுக்கு நற்செய்தி சொல்ல வந்த தூதன் துப்பாக்கியோடவா வந்தான்?"

"அந்த ஊர்ல கயோட்டி இல்ல போலிருக்கு," என்றாள் டாக்னி.

ஊளைதான் அவளுக்கு வரவில்லை. குளிர்காலம் பாதி போனதும் கயோட்டிகள் ஜோடி சேரும். அப்போது வேட்டைக்கென்றே உள்ள ஊதுகுழலில் ஒரு தனித்த ஊளை கொடுத்தால், எல்லைக்குள் யார் வந்தது என்று பார்க்க வரும். டாக்னி ஊதினாள். லவான் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அடியே, இது கயோட்டி இல்ல. வயித்து வலி வந்த சினை மாடு."

"நீதானே தொண்டையிலேர்ந்து ஊதச் சொன்ன?"

"உன் தொண்டையிலேர்ந்து ஊதச் சொன்னேன். மாட்டுத் தொண்டையிலேர்ந்து இல்ல."

லவான் ஒரு விஷயத்தில் மட்டும் சிரிக்கவில்லை. பனியில் மண்டியிட்டு, டாக்னியின் துப்பாக்கியின் மேல் கையை வைத்துச் சொன்னாள்: "துப்பாக்கில இருக்கிற கண்ணாடி வழியா எதையும் தேடாத. முதல்ல தூரக்கண்ணாடியில பாரு. நாலு காலையும் முழுசா பாத்தப்புறம்தான் துப்பாக்கியத் தூக்கணும். காது தெரிஞ்சுது, முடி தெரிஞ்சுதுன்னு விசையத் தொட்டே, இனிமே உன்கூட நான் வர மாட்டேன்."

மற்ற பாடங்களையெல்லாம் டாக்னி ஒருமுறையாவது மீறினாள். இதை மீறவில்லை.

லவான் வராத நாட்களிலும், பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன், விடியற்காலையில் தனியே போய் உட்காரத் தொடங்கினாள். தங்கள் நிலத்தின் வடக்கு வேலியோரம் ஒரு பள்ளம் உண்டு. வேலிக்கு அப்பால் பக்கத்து மாட்டுக்காரர் ஹால்வருடைய நிலம், கயோட்டிகள் குடியிருக்கும் ஓடைக்கரை. ஹால்வரின் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் நிலத்தில் வேட்டையாடலாமா என்று கேட்பதுதான் முறை. அப்படிக் கேட்டால் இங்கே யாரும் மறுப்பதில்லை. ஆனால் ஒரினுக்கும் ஹால்வருக்கும் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை.

காரணம் ஒரு வேலிக்கதவு. திறந்திருக்கும் கதவைத் திறந்தே விட வேண்டும், மூடியிருக்கும் கதவை மூடிவிட்டுப் போக வேண்டும். இது எங்கள் பக்கத்தில் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த கட்டளை. ஒரு கோடையில் அந்தக் கதவை யாரோ திறந்துபோட, ஹால்வரின் காளை வந்து ஒரினின் கிடாரிகளோடு கலந்துவிட்டது. "நீதான் திறந்து வெச்சே," என்றான் ஒரின். "நீதான்," என்றார் ஹால்வர். கதவில் சங்கிலி ஏறியது.

ஹால்வர் மனைவியை இழந்தவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கடைசி வரிசையில் தனியே உட்காருவார். பாட்டுக்களில் எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் குரல் மட்டும் அரையடி பிந்தி, நடுங்கி, இழுத்துக்கொண்டே போகும். ஆராதனை முடிந்ததும் காப்பிக்கு நிற்காமல் போய்விடுவார். டாக்னி ஒவ்வொரு ஞாயிறும் தான் சுட்ட கேரமல் பன்னில் இரண்டை மெழுகுத்தாளில் சுற்றி, கடைசிப் பாட்டின்போது நழுவிப் போய், அவருடைய வண்டி இருக்கையில் வைத்துவிட்டு வருவாள். சண்டை ஆண்களுடையது. பன்னுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. யாரிடமும் அவள் அதைச் சொன்னதும் இல்லை.

வேலியோரம் உட்கார்ந்த முதல் நாளே அவள் ஊளைக்குப் பதில் வந்தது. ஓடைக்கரையிலிருந்து ஓர் ஊளை எழுந்து, கடைசியில் நடுங்கி இழுத்து அடங்கியது. டாக்னி மறுபடி ஊதினாள். மறுபடி பதில். ஆனால் எதுவும் வரவில்லை. மறுநாளும் அப்படியே.

"கிழட்டு ஆண் கயோட்டி," என்று தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னாள் லவான். "பயங்கர தந்திரக்காரன். நீ கிட்டப் போகாத. அவனா வரட்டும்."

"குரல்ல ஒரு சோகம் இருக்கு, லவான்."

"உன் ஊளையக் கேட்டா எவனுக்கும் சோகம் வரும்."

அந்த வாரம் முழுக்க இருவரும் ஊளையிட்டுக்கொண்டார்கள். டாக்னிக்கு அந்தக் கயோட்டியின்மேல் ஒருவித மரியாதையே வந்துவிட்டது. அதன் வாயும் வயிறும் ஆண்டவர் கொடுத்தவைதாம் என்று நினைப்பாள். உடனே, கத்திக்கொண்டு நின்ற தாயாட்டை நினைப்பாள். "கொல்லத்தான் வேணும்னா வலி இல்லாம போகட்டும்," என்பது மட்டுமே அவளுடைய ஜெபமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பொறுமை போயிற்று. லவானின் சொல்லை மீறி, வேலிக்கு மிக அருகே, ஒரு புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். மாவை ஊதிக் காற்றைப் பார்த்துக்கொண்டாள். குழலை எடுத்து ஊதினாள். பதில் உடனே வந்தது, வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில்.

தூரக்கண்ணாடியை எடுத்தாள். எதிர்ப்புறத்துப் புதர்களுக்கு மேலே சாம்பல் நிற முடி தெரிந்தது. முடிக்கு மேலே, விறைத்து நின்ற இரண்டு காதுகள். அவை இப்படியும் அப்படியும் திரும்பின.

இவ்வளவு கிட்டத்தில் குறி தவற வழியில்லை. இது ஒன்று போனால் ஆடுகள் ஏலத்துக்குப் போகாமல் நிற்கும். கை துப்பாக்கியின் மேல் போனது. கால் எங்கே? நாலு காலும் எங்கே? அவள் கையை எடுத்து அங்கிக்குள் வைத்துக்கொண்டாள். "ஆண்டவரே, காலைக் காட்டும்," என்று முணுமுணுத்தாள்.

சாம்பல் முடி கொஞ்சம் உயர்ந்தது. ஒரு சிவப்புக் கைக்குட்டை வெளியே வந்தது. கயோட்டி சத்தமாக மூக்கைச் சிந்தியது.

"ஐயோ!" என்று கத்திக்கொண்டே டாக்னி எழுந்து நின்றாள். "சுடாதீங்க! நான்தான், டாக்னி!"

புதருக்குப் பின்னாலிருந்த உருவம் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்பக்கமாகப் பனியில் சாய்ந்தது. பூப்போட்ட படுக்கை விரிப்பைப் போர்த்தியிருந்த ஹால்வர் அது. தலையில் காதுமடல்கள் தூக்கிக்கொண்டு நின்ற பழைய ரோமத்தொப்பி.

"டாக்னி?" அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் செத்துட்டேன்னு நினைச்சேன். எதிர்ல ஒரு தேவதூதன் நிக்குதே."

"இத்தன நாளா ஊளை விட்டது நீங்களா?"

"அப்ப அந்தப் பொட்டைக் கயோட்டி..."

இருவரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். டாக்னி முதலில் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஹால்வர் பனியில் உட்கார்ந்தபடியே சிரித்தார்.

"உடம்புக்கு முடியாத கயோட்டின்னு நினைச்சேன்," என்றார். "பாவமா இருந்துச்சு."

"எனக்கும் தோணிருக்கணும். பாட்டுல இழுக்கிற மாதிரியேதான் ஊளையிலயும் இழுக்கறீங்க. ஆமா, உங்களுக்கு எதுக்கு கயோட்டி? மாட்டுக்காரங்க இந்த வேலைக்கு வர மாட்டீங்களே."

ஹால்வர் தொப்பியைக் கழற்றி, அதிலிருந்த பனியைத் தட்டினார்.

"குட்டிங்க போச்சுன்னா ஆடுங்கள வித்துடுவாங்கன்னு தீவனக் கடையில பேசிக்கிட்டாங்க. கயோட்டிங்க இருக்கிறது என் ஓடையில. நாமளே ரெண்டத் தட்டிடலாம், யாருக்கும் தெரிய வேணாம்னு நினைச்சேன். போன்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்." பிறகு பனியைப் பார்த்துச் சொன்னார்: "நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை ராத்திரி எனக்கு அந்தப் பன்னுதான் சாப்பாடு, டாக்னி."

டாக்னி மாவுக் குப்பியை எடுத்து அழுத்தினாள். மாவு அவரைத் தாண்டி ஓடைப்பக்கமாகப் பறந்தது.

"பாருங்க, உங்க வாசனை முழுக்க ஓடைக்குத்தான் போகுது," என்றாள். "இங்க உக்காந்தா கயோட்டி வராது. நம்ம போதகர் வேணா வருவார்."

"அப்ப ஓடைக்குப் பின்பக்கம் போய் உக்காரணும். அங்கதான் காத்து நம்ம முகத்துக்கு வரும், உங்களுக்கு இந்தக் கதவு வழியாதான் கிட்ட." ஹால்வர் எழுந்து, வேலியோரமாக நடந்து, கதவின் சங்கிலியைக் கழற்றினார். துருப்பிடித்த கதவைப் பனியில் இழுத்து முழுக்கத் திறந்தார். "நாளைக்கு வாங்க. நான் ஊதறேன், நீங்க உக்காருங்க."

மறுநாள் டாக்னி கதவருகே தயங்கினாள். "மூடிட்டு வரட்டுமா?"

"எப்படி இருந்துச்சு?"

"திறந்து."

"அப்புறம் என்ன கேள்வி? பனி உருகற வரைக்கும் இங்க மாடு கிடையாது."

அவர் முயலின் அலறலை ஊதினார். முயல் அவருக்கு நன்றாக வந்தது. வெகுநேரம் எதுவும் அசையவில்லை. பிறகு, லவான் சொன்னபடியே, ஒன்று வளைந்து சுற்றி, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வந்தது. இம்முறை நாலு காலும் தெரிந்தன. டாக்னி நாய்போல ஒரு சின்னக் குரைப்பு கொடுத்தாள். அது நின்று திரும்பிப் பார்த்தது. அவள் சுட்டாள். அது இன்னொரு மூச்சு விடவில்லை.

அருகே போய்க் கையுறையைக் கழற்றி அதன் கழுத்தைத் தொட்டாள். இன்னும் சூடாக இருந்தது. அவளுக்கு மகிழ்ச்சியும் இருந்தது, துக்கமும் இருந்தது. ஹால்வர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்றது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பனி உருகும்வரை அவர்கள் இருவரும், சனிக்கிழமைகளில் லவானும், ஓடைக்கரையில் உட்கார்ந்தார்கள். தவறவிட்டவையே அதிகம். கிடைத்தவை கொஞ்சம். ஆனால் ஏப்ரலில் ஆட்டுக்குட்டிகள் பிறக்கத் தொடங்கியபோது, விடியற்காலைதோறும் ஹால்வரின் வண்டி வடக்கு வேலியோரம் மெதுவாக ஊர்ந்து போயிற்று. அந்த வசந்தத்தில் குளிரில் ஒரு குட்டி போனது. கயோட்டியிடம் ஒன்றும் போகவில்லை.

ஒரின் ஒரு மாலை ஆட்டுக் கொட்டகையின் ஒழுகலை அடைத்தான். இன்னொரு மாலை, குட்டிகளுக்கென்று புதுத் தீவனத் தொட்டி ஒன்றை வண்டியிலிருந்து இறக்கினான். மே மாதத்து ஞாயிறு ஒன்றில் டாக்னி இரண்டு பன்களை மெழுகுத்தாளில் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவன் கையை நீட்டினான்.

"கொடு. நானே போய்க் குடுக்கறேன். எப்படியும் வடக்கு வேலியப் பாக்கணும்."

"ரெண்டு போதுமா? அங்க போய் நீயும் உக்காந்துட்டீன்னா?"

ஒரின் கொஞ்சம் யோசித்து, இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டான்.

இருட்டும் வேளையில்தான் திரும்பினான். அவன் மீசையில் காப்பி வாசனை. டாக்னி ஜன்னல் வழியே வடக்கே பார்த்தாள். மாடுகள் இன்னும் அந்தப் பக்கத்துக் கோடை மேய்ச்சலுக்குப் போகவில்லை.

"கதவ மூடிட்டியா?" என்று கேட்டாள்.

"திறந்திருந்துச்சு," என்றான் ஒரின், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. "திறந்தபடியே விட்டுட்டு வந்தேன்."