ஒரு ரிங் என்றால் சோறு

இப்போது உள்ளவர்களுக்குப் பொறுமையே கிடையாது. போன் அடித்தால் உடனே எடுத்துவிடுகிறார்கள். என்ன விஷயமாக அடிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பதில்லை. எடுத்து, அலோ அலோ என்று கத்தி, காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள்.

என் சம்சாரம் சீனியம்மாள் இறந்துபோன பிறகும் மிஸ்டு கால் கொடுப்பதை நிறுத்தவில்லை. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவள் எதையும் பாதியில் விடுகிறவள் கிடையாது.

ஒரு ரிங் என்றால் சோறு ஆகிவிட்டது, வா. இரண்டு என்றால் வரும்போது கறிவேப்பிலை வாங்கி வா. மூன்று என்றால் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது, சட்டையை மாட்டிக்கொண்டு வா. நான் மண்டியில் மூட்டை தூக்கிய காலத்து ஏற்பாடு. போன் வாங்கிய அன்றே சொல்லிவிட்டாள். "எடுத்துராதீக. எடுத்தா காசு போயிரும்." நான் எடுத்ததே இல்லை.

இப்போது வீட்டுக்குப் போனால் சோறு இருக்காது. நான்தான் உலை வைக்க வேண்டும். இருந்தாலும் கூப்பிட்டால் போகிறேன்.

சிக்கல் போனில்தான். பழைய பட்டன் போன். பேட்டரி உப்ப ஆரம்பித்தது. முதலில் இட்லி அளவு. பிறகு பலாப்பழம் அளவு. ரிப்பேர் கடைக்காரன் காது வைத்துக் கேட்டான். "இது பொழுது தாங்காது பெரியவரே. செத்தா உள்ள இருக்கதெல்லாம் போயிரும். காப்பகத்துல குடுத்து வைங்க" என்றான்.

மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் போட்டார்.

காப்பகம் என்பது ஊர்க்காரர்களின் போட்டோ, குரல், கேசட் எல்லாவற்றையும் பின்னால் வருகிறவர்களுக்காக எடுத்து வைக்கும் இடம். அதன் தாழ்வாரம் நான் நடக்க நடக்க நீண்டது. நின்றேன். அதுவும் நின்றது. அதற்குத் தெரியாமல் இரண்டு எட்டு வைத்து வரிசைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

எனக்கு முன்னால் மரியதாஸ் என்பவர் தன் கல்யாண கேசட்டைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாதீங்க. இப்பத்தான் பந்தி உக்காந்திருக்கு" என்றார். "அப்பப்ப ஓட்டிப் பாக்கணும். இல்லாட்டி உள்ள இருக்கவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. போன வருசம் சாம்பார் ஊத்துறவன் போயிட்டான். ரசத்த வச்சு ஓட்டிக்கிட்டிருக்கோம்."

கவுண்டரில் ஹெப்சிபா என்ற பெண். நல்ல பிள்ளை. போனை வாங்கித் தோளில் சாய்த்து முதுகில் தட்டியது. போன் ஏப்பம் விட்டது.

"உள்ள என்ன இருக்கு ஐயா?"

"மிஸ்டு கால்."

"பேச்சு?"

"இல்ல."

"போட்டோ?"

"இல்ல."

"அப்ப எதப் பாதுகாக்குறது?"

"அதத்தான்."

அந்தப் பிள்ளை யோசித்தது. "எடுத்தாத்தான் பதிய முடியும் ஐயா. அடுத்த தடவ அடிக்கும்போது எடுங்க. அம்மா பேசுவாங்க. பதிஞ்சு வச்சிட்டா நூறு தலைமுறைக்கு இருக்கும்."

"எடுத்தா திட்டுவா."

"திட்டட்டுமே. அதையும் பதிஞ்சுக்கலாம்."

எனக்கு ஆசை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். அவள் திட்டி வெகுநாளாகிவிட்டது.

எதற்கும் ஒரு நகல் வேண்டும் என்பது அங்கே விதியாம். போனைக் கொண்டு வந்த ஆளுக்கும் வேண்டுமாம். என்னைச் சுவரோரம் நிற்க வைத்து நகல் எடுத்தார்கள். நகல் வந்து என் பக்கத்தில் நின்றான். அவன் வேட்டி என் வேட்டியைவிட வெளுப்பு. அங்கேயே எனக்குச் சந்தேகம்.

"ஏப்பா, ஒரு ரிங் அடிச்சா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

"ஒரு ரிங் அடிச்சிருக்குன்னு அர்த்தம்."

"ரெண்டு அடிச்சா?"

"அதே மாதிரி இன்னொண்ணு."

"சரியாத்தானே சொல்றாரு?" என்றது ஹெப்சிபா.

"தப்பா ஒண்ணும் சொல்லல தாயி. அதான் பயமா இருக்கு."

அப்போது போன் அடித்தது.

காப்பகமே அடங்கிவிட்டது. தூளிக்குள் பந்தியில் இருந்தவர்கள் பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தினார்கள். "எடுங்க ஐயா, எடுங்க!" என்றது ஹெப்சிபா. மரியதாஸும் "எடுங்க" என்றார். என் கை போன் வரைக்கும் போய்விட்டது. பட்டனுக்கு மேலேயே நின்றது. பக்கத்திலிருந்து நகலின் கையும் வந்தது. அவன் புறங்கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். எனக்கு வலித்தது.

ஒரு ரிங். நின்றுவிட்டது.

"போச்சு" என்றது ஹெப்சிபா. கண் கலங்கிவிட்டது அந்தப் பிள்ளைக்கு.

"எங்க போச்சு? சோறு ஆயிருச்சாம். நான் வாரேன்."

"போன் செத்துரும் ஐயா. அப்புறம் ஒண்ணுமே இருக்காது."

"நீங்க பதிஞ்சு வச்சா அவ பேசினது இருக்கும். கூப்பிட்டது இருக்காதேம்மா."

"வீட்டுக்குப் போயி யோசிச்சுப் பாருங்க."

"பாக்குறேன். இப்ப சோறு ஆறிரும்."

ஹெப்சிபா ஈரத்துணி ஒன்றை எடுத்து வந்து போனைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தது. சூடு ஏறாமல் இருக்குமாம். நல்ல பிள்ளைதான். ஆனால் நூறு தலைமுறை என்று வாய் கூசாமல் சொல்கிறவர்களை எப்படி நம்புவது? மரியதாஸிடம் சாம்பார்க்காரனைப் பற்றிக் கேட்டால் தெரியும்.

போனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். தாழ்வாரம் மறுபடியும் நீண்டது. எனக்கு அவசரம் என்று சொன்னேன். கொஞ்சம் சுருக்கிக் கொடுத்தது.

தெருவுக்கு வந்ததும் துணிக்குள்ளிருந்து அடித்தது. இரண்டு ரிங்.

பின்னாலேயே நகல் மூச்சிரைக்க ஓடி வந்தான். "இப்ப என்ன சொல்லுது? இப்ப என்ன சொல்லுது?" என்றான்.

வேட்டி வெளுத்திருந்தால் போதுமா? நான் சொல்லவில்லை. காய்கறிக் கடைப் பக்கம் திரும்பினேன்.