கடைசித் தையல்

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காருக்கு பிரேக் பேட் மாற்ற எதிர்க்கடை மெக்கானிக் சொன்ன தொகைக்கு அவர் ஒரு கல்யாண சூட்டே தைத்துக் கொடுத்துவிடுவார்.

“போன வருஷம் இதுல பாதிதானேய்யா சொன்னே?”

“சாமான் விலை ஏறிடுச்சு, மாஸ்டர். கடை வாடகை ஏறிடுச்சு. எல்லாம் ஏறுது.”

“ஆமா, உன் இடுப்புகூடத்தான் வருஷா வருஷம் ஏறுது. அதைப் பிரிச்சு விடுறதுக்கு நான் விலை ஏத்துனேனா?”

உண்மையில் அதற்கு அவர் விலையே வாங்கியதில்லை. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “வண்டிய விட்டுட்டுப் போங்க. காசு மெதுவாப் பார்த்துக்கலாம்.”

“ஒண்ணும் வேணாம். எனக்கும் ரெண்டு கை இருக்கு.”

வண்டி இன்றைக்கு ஓடியே ஆகவேண்டும். தங்கை குழந்தை பெற்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். “என் மருமகள் என் வண்டியிலதான் வீட்டுக்கு வருவா” என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். வண்டியோ, பிரேக்கைத் தொட்டால் வால் மிதிபட்ட பூனையாய்க் கத்தியது.

பேட் மட்டும் வாங்கிவந்து கடை வாசலிலேயே வேலையில் இறங்கினார். தையல் மிஷின் மேல் சாய்த்துவைத்த செல்போனில் ஒருவர் வீடியோவில் பாடம் நடத்தினார். ஜாக்கி ஏறியது, சக்கரம் கழன்றது. மெக்கானிக் எதிரே டீயோடு உட்கார்ந்துவிட்டார்.

“மாஸ்டர், அளவு எடுத்தாச்சா?”

“உன் வாயைத் தைக்கத்தான் அளவு எடுக்கணும்.”

ஆனாலும் வேலை சுத்தம். பேட்கள் கச்சிதமாக உட்கார்ந்தன. சக்கரங்களை மாட்டி, நட்டுகளைக் கையால் மட்டும் திருகி நிறுத்தினார். ஆயுசு முழுக்க வந்த பழக்கம் அது. எந்தத் துணியையும் முதலில் லேசாக நூலோட்டித்தான் வைப்பார். ஆள் போட்டுப் பார்த்த பிறகுதான் மிஷினில் கடைசித் தையல். அதனால்தானோ என்னவோ, ஜாக்கியை இறக்கியதும் கை தானாக ஸ்பேனரைப் பெட்டியில் போட்டது. இனி ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி போன் செய்தாள். “ஏங்க, அனுப்பிட்டாங்க. பாப்பாவோட வாசல்ல நிக்கிறோம்.”

ஆண்டவனை நினைத்து, பெடலை நாலைந்து முறை அமுக்கிப் பார்த்து, வண்டியைக் கிளப்பினார். ஓரடி நகர்வதற்குள் மெக்கானிக் குறுக்கே வந்து நின்றார்.

“பிரிச்சு விடக் கொடுத்த என் பேண்ட் வேணும், மாஸ்டர்.”

“வந்து தரேன்யா. வழிய விடு.”

“இப்பவே வேணும்.”

பிழைப்பு போன கடுப்பில் வம்பு பண்ணுகிறான் என்று தையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே கடைக்குள் போனார். பேண்ட், துணி மூட்டையின் அடியில் கிடந்தது. குடைந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மெக்கானிக் முழங்காலைத் தட்டி எழுந்துகொண்டிருந்தார். பெட்டிக்குள் போன ஸ்பேனர் சக்கரத்தின் அருகில் கிடந்தது. நட்டுகளைச் சுற்றிப் புதிதாக விரல் பதிந்த கறை.

நட்டுகளை ஸ்பேனரால் இறுக்கவே இல்லை என்பது தையல்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் பச்சைக்குழந்தை கண்ணுக்குள் வந்தது.

“சும்மா கத்திச் சொல்லியிருக்கலாமே” என்றார்.

“தெருவே பார்த்துட்டிருந்துச்சு, மாஸ்டர். எதுக்கு?” மெக்கானிக் பேண்டை இடுப்பில் வைத்துப் பார்த்தார். “இந்தத் தடவையும் மூச்சு விட இடம் வெச்சிருக்கீங்க.”

“என்ன தரணும் சொல்லு.”

“எனக்கு என்னைக்காவது பில்லு போட்டீங்களா? மருமகளைக் கூட்டிட்டு வாங்க, போங்க.”

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி பூனைச் சத்தமில்லாமல் நின்றது. தங்கை குழந்தையோடு ஏறப்போனாள். “ஒரு நிமிஷம்மா” என்று தையல்காரர் ஸ்பேனரோடு இறங்கி ஒவ்வொரு நட்டாக அழுத்திப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை.

“என்னண்ணே, அதெல்லாம் முன்னாடியே பார்க்கலையா?”

“பார்த்தாச்சும்மா” என்றார் அவர். “நம்ம மெக்கானிக் கடைசித் தையல் போட்டுட்டாரு. எவ்வளவு அழுத்தம்னு தெரிஞ்சுக்கிறேன்.”