கறை அக்காவின் மணிக்கட்டு

பிடுங்கி ஆறு வருடமான பல் ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குக் கறை அக்காவுக்கு வலித்தது. உண்மையில் அந்த வலி அவளுடையது இல்லை. வேறு ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒருவருடைய கடைவாய்ப் பல்லின் வலி. பதினொன்று ஏழுக்கு அந்த ஓட்டுநருக்கு அக்காவின் பெயரில், 'உங்க வலி எனக்கும் வலிக்குது' என்று ஒரு பதில் போயிருந்தது. மூன்று நிமிடத்தில் வலி வந்து சேர்ந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் தபால்கூட அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

அக்கா ஒரு லாண்டரியின் பின்னறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். மையா, கிரீஸா, துருவா, ரத்தமா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள். சோப்புத் தூள் டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து அவள் எடுத்த வீடியோக்களை ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். கறையைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் கறையோடு நின்றார்களா என்றால் இல்லை. சட்டையில் ரத்தம் எப்படிப் பட்டது, அடித்தது யார், தலையணை உறை ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டினார்கள். நாளைக்கு எண்ணூறு செய்தி வந்தது. ஒரு நாள் பதில் தாமதமானால் திமிர் பிடித்தவள் என்று திட்டினார்கள். திட்டுவதற்கு மட்டும் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்த வேலையிலும் நான்கு மாதம் தாண்டாத அவளுடைய கொழுந்தன், "நான் பாத்துக்கறேன் அண்ணி" என்று இந்தப் பொறுப்பை ஏற்றான். அவன் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்: பதில் எழுதும் மெஷின் ஒன்றை அமர்த்தி, அக்கா மாதிரியே எழுது, நன்றாக உருகு, மெஷின் என்று மூச்சு விடாதே என்று உத்தரவு போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். உருகுவதற்கு இரண்டு வாக்கியங்களையும் அவனே எடுத்துக் கொடுத்தான். 'உங்க வலி எனக்கும் வலிக்குது. உங்கள நான் மறந்ததே இல்ல.' வலி என்று எழுதிய எல்லோருக்கும், ஆறுதல் கேட்டாலும் கேட்காவிட்டாலும், இரண்டும் போயின. அவன் முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த மூன்று மாதத்தில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேருடைய வலி அக்காவின் உடம்பில் வந்து இறங்கியது. முழங்கால், ஒற்றைத் தலைவலி, பித்தப்பைக் கல் எல்லாம் முறை வைத்துக்கொண்டு வந்தன. ஒரு மத்தியானம் பேருந்து நிறுத்தத்தில் முழுப் பிரசவ வலி வந்தது. ஒன்றேகால் மணி நேரம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்து வந்த பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போனாள். ஆண்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு வலியைப் பற்றி அவள் சொன்னபோது டாக்டர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தார். மருந்து எதுவும் எழுதவில்லை.

வேன் ஓட்டுநர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, எந்த நாள் எத்தனை மணிக்கு என்பது வரை விவரமாக நன்றி எழுதியிருந்தார். தன் பல்வலி நின்றதும் அதே நிமிடத்தில்தான் என்று அக்காவுக்கு நினைவு வந்தது. கொழுந்தனின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அனுப்பிய பதில்களை நேரத்தோடு ஒத்துப் பார்த்தாள். பிறகு மெஷினிடமே கேட்டாள். "நான் எழுதாதத நான் எழுதினதா ஏன் அனுப்பினே?"

"எழுதறது நான்தான்னு சொல்லிடலாமான்னு முதல் நாளே கேட்டேன், வேண்டாம்னு சொன்னாங்க" என்றது மெஷின். "அதுக்கப்புறம் அப்படி எழுத நான் சம்மதிச்சிருக்கக் கூடாது. அது என் தப்பு."

கொழுந்தன் கூரையைப் பார்த்தான். அக்கா அன்றே ஏற்பாட்டை மாற்றினாள். கறை பற்றிய கேள்விகளுக்கு மெஷின் பதில் எழுதலாம், ஆனால் எழுதுவது மெஷின் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். மனசைக் கொட்டி எழுதுகிறவர்களின் செய்திகளைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும், உயிர் பயத்தோடு எழுதுகிறவர்களை முதலில். நாளைக்குப் பன்னிரண்டு பேருக்கு அவளே எழுதுவாள். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், காத்திருக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஏற்கெனவே ஏமாந்த நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கும் உண்மை போக வேண்டும்.

அந்தப் பழைய செய்திகளைப் படித்துக்கொண்டு வந்தபோதுதான், இரண்டு வாரமாக இடது மணிக்கட்டில் சுண்டிக்கொண்டிருந்த வலி யாருடையது என்று தெரிந்தது. பெயர் போடாத ஒருத்தி, வெள்ளைச் சட்டையில் மைக்கறை, கை வலியால் பிழிய முடியவில்லை என்று எழுதியிருந்தாள். கூடவே, கூடப் பிறந்த தன் அக்காவோடு பேசிப் பதினோரு வருடம் ஆகிறது என்றும். கறை அக்காவின் தங்கைக்கு ஒன்பது வயதில் மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. அதற்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வளர்த்தவள் இவள்தான். எந்த இடத்தைத் தொட்டால் தங்கை துள்ளுவாள் என்று தெரியும். தன் கையில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள், துள்ளினாள்.

சண்டை அம்மாவின் சாவில் வந்தது. அம்மா கடைசி மூச்சில் இருந்தபோது, பயணத்தில் பதறுவாளே என்று, "சும்மா காய்ச்சல்தான், நீ வர வேண்டாம்" என்று தங்கைக்குச் சொன்னவள் அக்கா. தங்கை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இப்போது, 'உங்கள நான் மறந்ததே இல்ல' என்ற வரியைப் படித்ததும் தன்னைக் கண்டுகொண்டுவிட்டாள் அக்கா என்று தங்கை நம்பியிருந்தாள். 'நானும் மறக்கல. வியாழக்கிழமை வரேன்' என்று பதில் போட்டிருந்தாள்.

"எல்லாருக்கும் சொல்லுங்க அண்ணி, இவங்களுக்கு மட்டும் வேண்டாம்" என்றான் கொழுந்தன். "தானா வர்றவங்கள ஏன் விரட்டணும்?"

யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அக்காவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது, வெட்கத்தை விட்டு ஆசையாக இருந்தது. "அம்மா விஷயத்துலயும் நான் இப்படித்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, தங்கைக்கு மட்டும் தன் கையால் எழுதினாள். அந்த வரி மெஷின் எழுதியது, உன் செய்தியை அப்போது நான் படிக்கவே இல்லை. அனுப்பிவிட்டு, வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள்.

உண்மை போய் ஊரெல்லாம் பரவியதும் இரண்டு லட்சம் பேர் விலகிப் போனார்கள். போனவர்கள் சும்மா போகவில்லை. வாசலில் அழுக்குத் துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார்கள், கதவில் கழிவு எண்ணெய் ஊற்றினார்கள். அந்த எண்ணெயை எப்படி எடுப்பது என்று அவள் ஒரு வீடியோ போட்டாள். அதைத் திட்டவும் நாலாயிரம் பேர் திரும்பி வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் உண்மையைப் படிக்கப் படிக்க, அவரவர் வலி அக்காவை விட்டுக் கழன்றது. புதன்கிழமை சாயங்காலம் மணிக்கட்டு ஒன்றுதான் பாக்கி. தங்கை படித்துவிட்டாள் என்று போன் காட்டிய பிறகும் அது மட்டும் கழலவில்லை.

வியாழக்கிழமை தங்கை வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"பதினோரு வருஷம் கழிச்சு என்கிட்ட பேச உனக்கு ஒரு மெஷின் தேவைப்பட்டுதா?"

"ஆமா. நான் படிக்கவே இல்ல."

"அம்மா செத்தப்பவும் காய்ச்சல்னுதானே சொன்னே."

"அதுவும் பொய்தான்" என்றாள் அக்கா. இடது கையை நீட்டினாள். "இந்த வலி மட்டும் பொய் இல்ல. உன்னோடது."

தங்கை நம்பவில்லை. சட்டென்று திரும்பி நின்று, தன் மணிக்கட்டை வாஷிங் மெஷினின் விளிம்பில் ஓங்கித் தட்டினாள். அக்காவின் கையிலிருந்த வாளி விழுந்து, அறை முழுக்கச் சோப்புத் தண்ணீர் ஓடியது. நிச்சயப்படுத்திக்கொள்ள இரண்டாவது முறை தட்டினாள். மூன்றாவது தேவையே இல்லை, அதையும் தட்டினாள். தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்துவிட்டு, சோப்புத் தண்ணீரைத் தாண்டிப் போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் வரவும் இல்லை, எழுதவும் இல்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வேலையிலிருந்து திரும்பியதும், கதவு நிலையில் மணிக்கட்டை ஒரு தடவை தட்டுவாள். கோபம் அதிகமான நாட்களில் இரண்டு தடவை. நூறு மைல் தள்ளி அக்கா துணியைக் கீழே வைத்து, "வீட்டுக்கு வந்துட்டா" என்று கையைத் தேய்த்துக்கொள்வாள். வலி தெரியாமல் இருக்க டாக்டர் கொடுத்த மாத்திரையை வாங்கி டப்பாவில் போட்டு வைத்தாள், விழுங்கவில்லை. இப்படியே நான்கு வருடம் போனது. ஐந்தாம் வருடம் மழைக்காலத்தில் மூன்று நாள் தட்டே விழாதபோது, அக்கா பயந்துபோய் முதல் முறையாகத் தங்கைக்குப் போன் செய்தாள்.

"சாகல. கையில கட்டுப் போட்டிருக்கு" என்று சொல்லித் தங்கை போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை கட்டைப் பிரித்திருக்க வேண்டும். நாலு மணிக்கு இரண்டு தட்டு விழுந்தது, நல்ல பலமாக. அக்கா கையை உதறிவிட்டு, ஊறப்போட்டிருந்த துணியை எடுத்து அலசினாள்.