தானாக ஏறும் எண்

10.9.2002, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். புது மென்பொருள் கேட்ட படிவத்தில் பெயர், முகவரி, போன் நம்பர், வாப்பாவின் தொழில் எல்லாவற்றையும் உண்மையாகவே நிரப்பிவிட்டேன். யாரும் அப்படிச் செய்வதில்லையாம்.

திருத்துறைப்பூண்டியில் ஃபஹ்மிதா போகும் மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பில், அன்றாடம் என்ன செய்தோம், எங்கே பிழை விட்டோம் என்று தேதி போட்டு எழுதிக் காட்ட வேண்டும். மற்றவர்கள் வாரக் கடைசியில் ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளுவார்கள். ஃபஹ்மிதா அன்றன்றைக்கே எழுதுவாள். எழுதியது சரிதானா என்று இரண்டு முறை படித்தும் பார்ப்பாள்.

சவூதியில் தம்மாமில் இருக்கும் அண்ணன் அன்சாரோடு பேசுவதற்காக இலவசமாகக் கிடைத்த மென்பொருள் அது. படிவம் நிரப்பிய கதையை வகுப்பில் சொன்னபோது கூடப் படிக்கும் வெற்றிசெல்வன் சிரித்துவிட்டான். அவன் இப்படிப்பட்ட படிவங்களில் தன் பெயரைக் குறுவை சம்பா என்றும் ஊரை வடதுருவம் என்றும் போடுகிறவன்.

"ஓசியில ஒருத்தன் ஏன் குடுக்குறான்? உங்க வீட்டுல என்ன இருக்குன்னு பார்த்து அனுப்பத்தான். கவர்மெண்டு கேட்டா அவங்களுக்கும் குடுப்பான். இன்டர்நெட் போட்டதும் மூலையில ரெண்டு குட்டிக் கம்ப்யூட்டர் மினுக்கும்ல, அதைத் திறந்து பாருங்க. நீங்க கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாலும் அனுப்புன எண் ஏறும்."

மறுநாள் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் 1,204 என்பது 3,877 ஆயிற்று. வியாழனும் வெள்ளியும் அப்படியே பார்த்து நோட்டில் குறித்தாள். மூன்று நாளும் ஏறியது. எதை அனுப்புகிறது என்று மட்டும் அந்தச் சின்னப் பெட்டி சொல்லவில்லை.

அனுப்புவதற்கு அந்தக் கம்ப்யூட்டரில் பெரிதாக ஒன்றும் கிடையாது, உம்மாவின் கடிதங்களைத் தவிர. உம்மா நூர்ஜஹானுக்குத் தமிழ் பேச்சுதான். எழுத்து, சிறுவயதில் குர்ஆன் ஓதப்பள்ளியில் கற்ற அரபு எழுத்து. அந்த எழுத்தில்தான் மகனுக்குத் தமிழில் கடிதம் எழுதுவாள். அதை ஸ்கேனரில் வைத்து மெயிலில் அனுப்புவது ஃபஹ்மிதாவின் வேலை. எழுத்துக் கூட்டினால் அவளாலும் வாசிக்க முடியும். ஆனால் காகிதத்தை மடித்துக் கொடுக்கும்போதே, பார்க்காம அனுப்பு என்பாள் உம்மா. இதுவரை அவள் பார்த்ததில்லை. பன்னிரண்டு கடிதங்கள் படமாக உள்ளே கிடந்தன.

சனிக்கிழமை ரெத்தினம் ஏட்டு வீடு தேடி வந்தார். அன்சார் பாஸ்போர்ட்டை பஸ்ஸில் தொலைத்துவிட்டதாக அங்கே தூதரகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான், புதுசு கொடுக்க இங்கே விசாரித்து அனுப்ப வேண்டும், வேறொன்றுமில்லை என்றார். டீயைக் குடித்து முடித்தவரின் பார்வை கம்ப்யூட்டர் மேல் விழுந்தது. பையனோட பேசுறதெல்லாம் இதுக்குள்ளதானா என்று கேட்டார். சும்மா கேட்டாரா, தெரிந்துகொண்டு கேட்டாரா என்று ஃபஹ்மிதாவுக்குப் பிடிபடவில்லை. புதன்கிழமை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னவர், வாசலில் நின்று அவளிடம் திரும்பினார்.

"நீ படிச்ச பொண்ணு. எப்படித் தொலைஞ்சதுன்னு அப்பா சொல்லச் சொல்ல நீயே எழுதி, சாட்சிக் கையெழுத்தும் போட்ரும்மா."

அவர் சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை வாப்பா அஹமது கபீர் வாசலிலேயே நின்று பார்த்தார். பிறகு, "நீ உள்ள எழுதுன அட்ரஸ்தான் அவரை இங்க கூட்டிட்டு வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

அப்படி இருக்காது என்று அவள் அறிவு சொன்னது. ஆனால் படிவம் நிரப்பிய செவ்வாயிலிருந்து சனிக்கு எண்ணிப் பார்த்தால் நாள் பொருந்தியும் வந்தது. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேருக்கு நடுவில் வாப்பாவின் பையை மட்டும் போலீஸ் திறந்து பார்த்தது போன மாசம்தான். யாராவது உள்ளே பார்க்கிறார்கள் என்றால், அரபு எழுத்தில் பன்னிரண்டு காகிதங்களைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? அழித்தாலும் உள்ளேயேதான் கிடக்கும் என்று வெற்றிசெல்வன் சொல்லியிருந்தான். ஏட்டு வந்து போன கையோடு அழித்தால் அதற்கு வேறு அர்த்தம் வரும்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு கடிதத்துக்கும் பக்கத்தில், அதையே தமிழ் எழுத்தில் அடித்து வைத்துவிடுவது. பார்க்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். உம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டாள்.

திங்கள் மதியம், இன்டர்நெட் வரும் போன் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆரம்பித்தாள். ஆற்றில் தண்ணீர் விடவில்லை, குறுவை கிடையாது. மாசிக் கருவாட்டுத் தூள் கெடாமல் வந்ததா? ஃபஹ்மிதாவுக்கு நாகூர்ப் பக்கம் ஓர் இடம் வந்தது, படிப்பு முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். முதல் ஆறு கடிதங்களும் இப்படித்தான் இருந்தன. அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. செவ்வாய் மதியம் ஏழாவதை எடுத்தாள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி அடித்ததில், விரல் முந்திக்கொண்டது, புத்தி பின்னால் வந்தது. சேமித்த பிறகுதான் முழுதாகப் படித்தாள்.

"பாஸ்போர்ட் அந்த முதலாளி கையில் இருப்பது வாப்பாவுக்குத் தெரியாது. அவன் உன்னை அடித்ததும் தெரியாது. தாங்கமாட்டார். நீ ஓடி வந்தது நல்லதுதான். தொலைந்து போனது என்றே எழுதிக் கொடு. புதுசு கிடைத்ததும் ஊர் வந்து சேர்."

அடுப்படியில் உம்மா மீன் அலசிக்கொண்டிருந்தாள். ஃபஹ்மிதா சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை.

"அனுப்பத்தானே சொன்னேன், படிக்கவா சொன்னேன்?"

"நல்லதுக்குன்னு நினைச்சேன் உம்மா."

"அந்த ஏட்டுக்குத் தெரியாத எழுத்துல நான் எழுதினேன். அவருக்குத் தெரிஞ்ச எழுத்துல நீ எழுதி வச்சிருக்கே."

"அழிச்சிடுறேன்."

"அழிச்சா போயிடுமா?"



உம்மா தண்ணீரைக் கொட்டினாள். "நாளைக்கு வாப்பா சொல்றதை மட்டும் எழுது. புள்ளை வீடு வந்து சேரணும்."

விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்க, நாலு மணிக்கு அன்சார் அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் காத்திருப்பான். வயரைச் சொருகினால், இத்தனை நேரம் உள்ளே சேர்ந்திருப்பது எதுவோ அதுவும் சேர்ந்து போகும். சொருகாவிட்டால், ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருப்பதுகூட அவனுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரைத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சுத்தமாகத் துடைத்து வாங்கலாம். துடைக்கிறவன் படிப்பான், ஏன் இந்த அவசரம் என்று வாப்பாவும் கேட்பார். வயர் நுனியைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணி அடித்தது. நாலரை ஆயிற்று. சொருகவில்லை.

பிறகு நோட்டை எடுத்தாள். வகுப்பில் காட்ட வேண்டிய நோட்டு. இன்றைய பிழை என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எடுத்தாள். அந்த வரியைக் காலியாகவே விட்டு, கீழே எழுதினாள்.

17.9.2002, செவ்வாய். நாளை பத்து மணிக்கு வாப்பாவுடன் ஸ்டேஷன். ரேஷன் கார்டு நகல் இரண்டு எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் தம்மாமில் பஸ்ஸில் தொலைந்தது என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.